எஃப்.ஏ. ஃபெயில்: கணித மேதை ராமானுஜனும் தேர்வுகளும்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் நம் வீடுகளில் ஒரே ஒரு கேள்விதான் கேட்கப்படுகிறது. எத்தனை மார்க்? வெளிநாட்டில் வேலை பார்க்கும் தந்தை போனில் கேட்பதும் அதுதான், பக்கத்து வீட்டார் கேட்பதும் அதுதான். பிள்ளை எதைத் தானாகத் தேடிப் படிக்கிறது, எதில் மூழ்கினால் சாப்பாட்டையும் மறந்துவிடுகிறது என்று அன்றைக்கு யாரும் கேட்பதில்லை.

தேர்வில் வாங்கும் மதிப்பெண் ஒருவரின் அறிவையும் திறமையையும் படைப்பாற்றலையும் உண்மையாகவே அளந்து சொல்லிவிடுமா? இதற்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன் கும்பகோணத்திலும் சென்னையிலும் வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கையே பதிலாக இருக்கிறது. அவர் கணித மேதை சீனிவாச ராமானுஜன். அவர் பெயர் நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1904 முதல் 1913 வரையிலான ஒன்பது ஆண்டுகள் அவர் என்ன பாடுபட்டார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. பெற்றோர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி அதுதான்.

முதல் மாணவன்

ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாயின் பிறந்த வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை சீனிவாச ஐயங்கார் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதும் குமாஸ்தா. தாய் கோமளத்தம்மாள். வருமானம் போதாமல் வெளியூர் மாணவர்களுக்கு வீட்டில் இடமும் சாப்பாடும் கொடுத்துச் சமாளித்த குடும்பம்.

தேர்வு என்றாலே தடுமாறிய பிள்ளை அல்ல அவர். 1897இல் நடந்த தொடக்கப் பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதல் மாணவராகத் தேறினார். அடுத்து கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களிடம் கணிதம் கேட்டுக் கேட்டு, விரைவில் அவர்களுக்கே விளங்காதவற்றைக் கேட்க ஆரம்பித்தார். கல்லூரி மாணவர்கள் படிக்கும் லோனியின் முக்கோணவியல் நூலை 13 வயதுக்குள் கரைத்துக் குடித்துவிட்டார். 1904இல் பள்ளிப் படிப்பை முடித்தபோது கணிதத்துக்கான பரிசு அவருக்குக் கிடைத்தது. முழு மதிப்பெண் கொடுத்தாலும் இந்த மாணவனுக்குப் போதாது என்று பரிசளிப்பு விழாவில் தலைமை ஆசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் பாராட்டினார்.

அதற்கு ஓர் ஆண்டுக்கு முன்புதான் அவருடைய வாழ்க்கையைத் திருப்பிப்போட்ட புத்தகம் ஒன்று கைக்கு வந்திருந்தது. ஜி.எஸ். கார் என்ற ஆங்கிலேயர் எழுதிய கணிதச் சுருக்க நூல் அது. ஏறக்குறைய ஐயாயிரம் தேற்றங்களும் சூத்திரங்களும் அதில் வரிசையாக இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு விளக்கமான நிரூபணம் கிடையாது. அந்த நூல் உருவானதே தேர்வுக்காகத்தான். கார் என்பவர் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்த தனிப்பயிற்சி ஆசிரியர். தம் பயிற்சிக் குறிப்புகளைத்தான் நூலாகத் தொகுத்திருந்தார். மற்ற மாணவர்கள் மனப்பாடம் செய்யப் பயன்படுத்தும் நூலை, ராமானுஜன் ஒவ்வொரு வரியையும் தாமே நிறுவிப் பார்க்கும் சவாலாக எடுத்துக்கொண்டார். ஒன்றை நிறுவப் போய் வேறு பத்தைக் கண்டுபிடித்தார். அவற்றை நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்தார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற நோட்டுப் புத்தகங்கள் அவைதான்.

தோல்விகள் தொடங்கின

பள்ளியில் காட்டிய திறமைக்காகக் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. அங்கே எஃப்.ஏ. வகுப்பு. இன்றைய மேல்நிலைக் கல்விக்கு ஒப்பான இரண்டாண்டுப் படிப்பு அது. கணிதத்தோடு ஆங்கிலம், சமஸ்கிருதம், உடலியல், கிரேக்க ரோமானிய வரலாறு ஆகியவற்றையும் படிக்க வேண்டும். எல்லாப் பாடங்களிலும் தேறினால்தான் அடுத்த படி.

ராமானுஜனின் மனம் கணிதத்தை விட்டு நகரவில்லை. மற்ற வகுப்புகளில் உட்கார்ந்திருந்தாலும் நோட்டில் கணக்குத்தான் போட்டார். ஆங்கிலக் கட்டுரையில் தோற்றார். உதவித்தொகை போய்விட்டது. ஒரு பருவத்துக்குக் கட்டணம் 32 ரூபாய். தந்தையின் ஒன்றரை மாதச் சம்பளம் அது. வீட்டில் எப்படி முகம் கொடுப்பது என்று தெரியாமல் 1905 ஆகஸ்டில், 17 வயதில், யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். பதறிய பெற்றோர் மகனைத் தேடிக் கண்டுபிடித்து அழைத்து வர வேண்டியதாயிற்று.

தேர்வில் தோற்ற பிள்ளை வீட்டை விட்டுப் போவதும், அதைவிட மோசமான முடிவுகளைத் தேடுவதும் இன்றும் நடக்கின்றன. அந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் தாள் எவ்வளவு பாரமாகத் தெரியும் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் முயன்றார். கணிதத்தில் பேராசிரியர்களே வியந்தார்கள். மூன்று மணி நேரக் கணிதத் தேர்வை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு எழுந்துவிடுவார் என்று சொல்வார்கள். உடலியல் பாடத்திலோ பத்து சதவீத மதிப்பெண்கூட வரவில்லை. ஒரு முறை செரிமான மண்டலத்தைப் பற்றிய கேள்விக்கு ஏதோ சில வரிகளை எழுதிவிட்டு, செரிமானப் பாடம் தமக்குச் செரிக்கவில்லை என்ற பொருளில் வேடிக்கையாக எழுதிக் கொடுத்தாராம்.

1906 டிசம்பரில் எஃப்.ஏ. தேர்வு எழுதினார். தோல்வி. 1907 டிசம்பரில் தனித் தேர்வராக மறுபடி எழுதினார். மறுபடியும் தோல்வி. அத்துடன் அவருடைய கல்லூரிப் படிப்பு முடிந்துபோனது. கையில் பட்டம் இல்லை, வேலை இல்லை, வருமானமும் இல்லை.

தேர்வு பொய் சொன்னதா?

இங்கே நாம் நியாயமாக யோசிக்க வேண்டும். அந்தத் தேர்வு ராமானுஜனைப் பற்றிப் பொய் எதையும் சொல்லவில்லை. அவருக்கு உடலியல் தெரியாது. ஆங்கிலக் கட்டுரை எழுத வராது. தேர்வு இதைச் சரியாகவே அளந்தது. ஆனால் உடலியல் தெரியாதவன் மேற்கொண்டு கணிதமும் படிக்கக் கூடாது என்று அன்றைய விதி முடிவு கட்டியது. தவறு நேர்ந்தது அங்கேதான்.

தேர்வுத் தாள் தெரிந்த கேள்விகளுக்குத் தெரிந்த பதிலைத்தான் கேட்கும். யாரும் இதுவரை கேட்காத கேள்வியை ஒருவன் தானே எழுப்பி, அதற்குப் பதிலும் கண்டால், அதற்கு மதிப்பெண் போட அந்தத் தாளில் இடம் கிடையாது. ராமானுஜன் அந்த ஆண்டுகளில் செய்துகொண்டிருந்தது இந்த வேலையைத்தான்.

இதன் மறுபக்கமும் உண்டு. கல்லூரி வாசல் அடைபட்டதால் அவர் இழந்தது பட்டத்தை மட்டுமல்ல. நல்ல நூலகமும், வழிகாட்டும் ஆசிரியரும், ஐரோப்பாவில் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டவை பற்றிய செய்தியும் அவருக்குக் கிடைக்காமல் போயின. முன்பே தெரிந்த பல தேற்றங்களை மீண்டும் முதலிலிருந்து கண்டுபிடிப்பதில் இளமையின் சிறந்த ஆண்டுகள் கழிந்தன. பகா எண்களின் பரவலைப் பற்றி அவர் எட்டிய சில முடிவுகள் தவறாகவும் இருந்தன. அதற்குத் தேவையான கணிதப் பிரிவை அவருக்கு யாரும் கற்பித்திருக்கவில்லை. ஆகவே, மேதைக்குப் படிப்பே வேண்டாம் என்று இந்த வாழ்க்கையை வைத்து யாரும் சொல்லிவிட முடியாது. படிப்பு வேண்டும். அந்தப் படிப்பின் வாசலை ஒரே ஒரு தேர்வை வைத்து மூடிவிட்டதுதான் அவருக்கு நேர்ந்த அநியாயம்.

நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்கள்

1909இல் ராமானுஜனுக்கும் ஜானகிக்கும் திருமணம் நடந்தது. குடும்பப் பொறுப்பு வந்ததும் நோட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு வேலை தேடிப் புறப்பட்டார். காகிதம் வாங்கக் காசில்லாததால் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதுவது அவர் வழக்கம்.

திருக்கோயிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரைப் போய்ப் பார்த்தார். இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தொடங்கியவர் அவர். ராமானுஜன் கேட்டது தாலுகா அலுவலகத்தில் ஒரு சாதாரண குமாஸ்தா வேலை. ராமசாமி ஐயர் அவருடைய சான்றிதழைத் தேடவில்லை, நோட்டைப் புரட்டினார். இப்படிப்பட்ட ஒருவரைத் தாலுகா அலுவலகத்தில் போட்டு வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்த வழியாக நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவின் அறிமுகம் கிடைத்தது. அவருக்கு முதலில் சந்தேகம்தான். சில சந்திப்புகளுக்குப் பிறகு சந்தேகம் தீர்ந்தது. ராமானுஜன் கவலையின்றிக் கணிதம் செய்ய மாதம் 25 ரூபாயைத் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தார். 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது.

பிறர் பணத்தில் நெடுநாள் இருக்க ராமானுஜனுக்கு விருப்பமில்லை. 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் கணிதம் தெரிந்தவர். அலுவலகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியாளர். கீழ்நிலைக் குமாஸ்தாவின் நோட்டுக்கு மதிப்புக் கொடுத்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதி ஆலோசனை கேட்ட மேலதிகாரிகள் அவர்கள்.

அந்த ஊக்கத்தில்தான் ராமானுஜன் இங்கிலாந்துக் கணித அறிஞர்களுக்கு எழுதினார். பெரிய பெயர் பெற்ற இருவரிடமிருந்து பயன் எதுவும் கிடைக்கவில்லை. 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதம் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஜி.எச். ஹார்டிக்குப் போனது. தாம் துறைமுக அலுவலகக் குமாஸ்தா என்பதையும், பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர் என்பதையும் மறைக்காமல் எழுதி, சுமார் 120 தேற்றங்களை இணைத்திருந்தார்.

தேர்வை எதிர்த்த தேர்வாளர்

அந்தக் கடிதம் ஹார்டியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது நல்ல பொருத்தம். ஏனென்றால் ஹார்டி தேர்வுகளில் வென்றவர், ஆனால் தேர்வுகளை நம்பாதவர். கேம்பிரிட்ஜின் புகழ்பெற்ற கணிதத் தேர்வில் 1898இல் நான்காம் இடம் பெற்றவர் அவர். அந்தத் தேர்வு, கணிதத்தைக் கற்பிப்பதை விட்டுவிட்டுக் கேள்விகளுக்கு வேகமாக விடையளிக்கும் தந்திரங்களைத்தான் பழக்குகிறது என்பது அவருடைய கருத்து. தரவரிசைப்படி பெயர் வெளியிடும் முறையை ஒழிக்கப் போராடியவர்களில் அவரும் ஒருவர். 1909உடன் அந்தத் தரவரிசை நிறுத்தப்பட்டது.

அப்படிப்பட்டவர் அந்தக் கடிதத்தைத் தம் சக பேராசிரியர் லிட்டில்வுட்டுடன் உட்கார்ந்து பல மணி நேரம் ஆராய்ந்தார். சில தேற்றங்கள் முன்பே தெரிந்தவை. சில தவறானவை. வேறு சிலவோ அவர் இதுவரை பார்த்தேயிராதவை. இவற்றை யாரும் கற்பனையாக இட்டுக்கட்டி எழுதிவிட முடியாது, எழுதியவர் முதல் தரமான கணித அறிஞர் என்ற முடிவுக்கு இருவரும் வந்தார்கள். எஃப்.ஏ. தோற்றவர் என்பது அந்த முடிவைச் சற்றும் பாதிக்கவில்லை.

அதே காலத்தில் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்து ராமானுஜனின் பணியைப் பார்த்தார். இவர் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றவர். ராமானுஜனுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை தர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார். ஆனால் ஆராய்ச்சி உதவித்தொகை பெற முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. ராமானுஜனிடம் இளங்கலைப் பட்டம்கூட இல்லை. பல்கலைக்கழகம் அவருக்காக விதியைத் தளர்த்தியது. 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் வழங்கப்பட்டது. கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து படிக்கவும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு அறிக்கை தரவும் வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அதே பல்கலைக்கழகத்தின் தேர்வில்தான் ஐந்தாண்டுகளுக்கு முன் அவர் தோற்றிருந்தார்.

கேம்பிரிட்ஜில்

1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து கப்பலேறினார். கேம்பிரிட்ஜில் ஹார்டிக்கு ஒரு பெரிய கேள்வி இருந்தது. ராமானுஜனுக்குத் தெரியாதவை நிறைய. நிரூபணம் என்றால் என்ன என்பதில்கூட அவருக்குத் தெளிவு குறைவு. மற்ற மாணவர்களைப் போல அவரை முதலிலிருந்து பாடத்திட்டப்படி படிக்கவைத்தால், அவருடைய தன்னம்பிக்கையும் தனித்தன்மையும் கெட்டுவிடலாம். எதையும் சொல்லித்தராமல் விட்டால் அவர் தவறுகளிலேயே நின்றுவிடுவார். ஹார்டி மிகக் கவனமாக நடுவழியில் சென்றார். தேவையானதைச் சொல்லிக்கொடுத்தார், மற்றதை அவர் போக்கில் விட்டார். தாம் கற்றுக்கொடுத்ததைவிட அவரிடம் கற்றுக்கொண்டதே அதிகம் என்று பிற்காலத்தில் ஹார்டி எழுதினார்.

தம்மைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றிய ஆய்வுக்காக 1916 மார்ச்சில் ராமானுஜனுக்குக் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்தது. தேர்வு எழுதாமல், ஆராய்ச்சியின் அடிப்படையில் வழங்கப்பட்ட பட்டம் அது. ஓர் எண்ணை எத்தனை வகைகளில் கூட்டுத்தொகையாகப் பிரித்து எழுதலாம் என்ற கேள்விக்கு அவரும் ஹார்டியும் சேர்ந்து கண்ட சூத்திரம் கணித உலகை வியக்கவைத்தது. 4 என்ற எண்ணை ஐந்து வகைகளில் பிரிக்கலாம். 200 என்ற எண்ணுக்கு அந்த வகைகள் 39,72,99,90,29,388. இவ்வளவு பெரிய எண்ணிக்கையையும் மிகத் துல்லியமாகச் சொன்னது அந்தச் சூத்திரம்.

1918இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அப்போது அவருக்கு வயது 30. அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோவாகத் தேர்வு பெற்ற முதல் இந்தியர் ஆனார்.

ஹார்டி ஒருமுறை கணித அறிஞர்களின் இயல்பான திறமைக்குத் தாமே மதிப்பெண் போட்டுப் பார்த்தாராம். இதைக் கணித அறிஞர் பால் எர்டோஷ் பதிவு செய்திருக்கிறார். தமக்கு 25, லிட்டில்வுட்டுக்கு 30, ஜெர்மனியின் மாபெரும் கணித அறிஞர் ஹில்பர்ட்டுக்கு 80. ராமானுஜனுக்கு 100.

கடைசி ஆசை

போர்க்காலம், குளிர், சைவ உணவு கிடைக்காத சிரமம், தனிமை எல்லாம் சேர்ந்து அவர் உடலைக் கெடுத்தன. 1917 முதல் மருத்துவமனைகளிலேயே அதிக காலம் கழிந்தது. 1919இல் நாடு திரும்பினார். நோய்ப் படுக்கையிலும் புதிய கணிதத்தை எழுதிக்கொண்டே இருந்தார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் காலமானார். வயது 32.

நாடு திரும்புவதற்கு முன், 1919 ஜனவரியில், அவர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை அறிவித்திருந்தது. அவ்வளவு தொகை தமக்குத் தேவைப்படாது என்றார். பெற்றோருக்கு ஒரு பகுதியைக் கொடுத்து, தம் அவசியச் செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகங்கள் வாங்கவும் செலவிடும்படி கேட்டுக்கொண்டார். 32 ரூபாய் கட்டணம் கட்ட வழியில்லாமல் வீட்டை விட்டு ஓடியவர் அதை மறக்கவில்லை.

நமக்கான பாடம்

நம் பிள்ளைகள் எல்லோரும் ராமானுஜன்கள் அல்லர். தேர்வுகளை ஒழித்துவிடவும் முடியாது. கற்றுக்கொடுத்ததைப் பிள்ளை கற்றுக்கொண்டதா என்று பார்க்க ஒரு சோதனை தேவைதான். ஒரு மருத்துவரோ பொறியாளரோ அடிப்படைகளைத் தெரிந்திருக்கிறாரா என்று சோதிக்காமல் விடவும் கூடாது. ஆனால் அந்தத் தாள் எதை அளந்ததோ அதைப் பற்றி மட்டுமே பேசும். பிள்ளையின் மீதி எல்லாவற்றையும் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

ராமானுஜனைக் காப்பாற்றியவர்களை நினைத்துப் பாருங்கள். ஒரு டெபுடி கலெக்டர், ஒரு கலெக்டர், ஒரு கணக்கர், ஒரு பொறியாளர், ஒரு பேராசிரியர். அவர்கள் யாரும் பெரிய புரட்சி எதையும் செய்துவிடவில்லை. சான்றிதழைக் கேட்பதற்கு முன் நோட்டைத் திறந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். அவர்களில் ஒருவர் அன்று நேரமில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தாலும், அந்த நோட்டுகள் கும்பகோணத்தில் ஏதோ ஒரு பரணில் செல்லரித்துப் போயிருக்கக் கூடும்.

நம் ஊர்களில் ஜமாஅத்களும் நலச் சங்கங்களும் முதல் மூன்று இடம் பெற்றவர்களுக்குப் பரிசு கொடுக்கின்றன. நல்ல வழக்கம், தொடரட்டும். அத்தோடு, ஒரு பாடத்தில் தோற்றதால் படிப்பை நிறுத்திவிட்ட பிள்ளைகள் ஊரில் எத்தனை பேர், அவர்களுக்கு எதில் ஆர்வம், கட்டணம் ஒரு தடையாக இருக்கிறதா என்று விசாரிக்கவும் ஒருவர் இருக்க வேண்டும். வீட்டில் அந்த வேலையைச் செய்ய வேண்டியவர்கள் பெற்றோர்கள். அடுத்த முறை தேர்வு முடிவு வரும்போது மார்க்கைக் கேளுங்கள். கேட்ட பிறகு, பிள்ளையின் நோட்டின் கடைசிப் பக்கங்களையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.